காசில் இருந்த முகம்

வேத பாடம்: மத்தேயு 22:15-22, மாற்கு 12:13-17, லூக்கா 20:20-26

 

இந்த மாதம் ஒரு சின்ன வெள்ளிக்காசை எடுத்து வைத்துக்கொண்டு பாடம் படிக்கப் போகிறோம். மேலே குறித்த வேதபகுதி நமக்குப் புதிதல்ல. காணிக்கை வேளை வந்தால் பாஸ்டர்மார் எடுக்கிற பகுதி இது. நானும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இதை வைத்துப் பேசிவிட்டு, காணிக்கைப் பையை அனுப்பியிருக்கிறேன். ஆனால் நிதானமாய் உட்கார்ந்து வாசித்துப் பாருங்க. ஆண்டவர் அங்கே காணிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் கேட்டது ஒரு கேள்வி. இந்தக் காசில் இருக்கிற முகம் யாருடையது? அந்தக் கேள்வி அன்றைக்குப் பரிசேயரைக் குத்தியது. போன வருஷம் என்னையும் குத்தியது. அதையும் மறைக்காமல் பாடத்தின் முடிவில் சொல்லுகிறேன்.

1. கண்ணி வைத்தவர்கள்

இது நடந்தது எருசலேமில், ஆண்டவர் சிலுவையில் அறையப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னே. பரிசேயரின் ஆட்களும் ஏரோதியரும் சேர்ந்து வருகிறார்கள். சாதாரணமாய் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒத்துப்போகாது. ஆனால் இயேசுவைப் பிடிக்கவேண்டும் என்றால் ஒன்றாகிவிடுகிறார்கள். இராயனுக்கு வரி கொடுப்பது சரியா, தப்பா என்று கேட்கிறார்கள். இராயன் என்று நம் வேதாகமம் சொல்லுவது ரோமச் சக்கரவர்த்தியாகிய சீசரைத்தான்.

கேள்வி லேசானதல்ல. கி.பி. 6-ம் ஆண்டில் யூதேயா நேரடியாய் ரோமரின் கைக்குள் வந்து குடிமதிப்பு எழுதப்பட்டபோது, கலிலேயனாகிய யூதாஸ் என்பவன் எழும்பினான் (அப். 5:37). தேவன் ஒருவரே நமக்கு ராஜா, ரோமனுக்கு வரி கட்டுகிறவன் அடிமை என்பது அவன் போதனை. அவன் அழிந்தான், அவன் கூட்டம் சிதறிப்போனது. அதைக் கண்ணால் கண்டவர்கள் அநேகர் இன்னும் உயிரோடிருந்த காலம் அது. ஆகவே, ‘கொடுங்கள்’ என்று இயேசு சொன்னால் ஜனங்களின் மனம் முறியும். ‘கொடுக்காதேயுங்கள்’ என்றால் அன்றைக்கே பிலாத்துவுக்குச் செய்தி போகும். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் கண்ணிதான்.

ஆண்டவர் காசைக் காட்டச் சொன்னார். கவனியுங்கள், காசு அவரிடத்தில் இல்லை. கேள்வி கேட்டவர்கள்தான் கொண்டுவந்து காட்டினார்கள். ரோமனுடைய பணம் வேண்டும், அதில் வாங்கவும் விற்கவும் வேண்டும், ஆனால் வரி என்றால் மட்டும் பக்தி வந்துவிடுகிறது. அவர்களுடைய மாய்மாலம் வெளியே வர அவர்கள் மடியில் இருந்த காசே போதுமாயிருந்தது.

2. அந்தக் காசு எப்படி இருந்தது?

நம் தமிழ் வேதாகமத்தில் பல இடங்களில் ‘பணம்’ என்று வருகிறதே, அது தெனாரியுஸ் என்கிற ரோம வெள்ளிக்காசு. திராட்சத்தோட்டத்து வேலைக்காரனுக்கு ஒரு நாள் கூலி ஒரு பணம் (மத். 20:2). நல்ல சமாரியன் சத்திரக்காரனிடத்தில் கொடுத்தது இரண்டு பணம் (லூக். 10:35). மரியாள் பூசின பரிமளதைலத்துக்கு யூதாஸ்காரியோத்து போட்ட விலை முந்நூறு பணம் (யோவா. 12:5). ஓய்வுநாட்களைக் கழித்துவிட்டால் அது ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி.

எடை ஏறக்குறைய 3.8 கிராம். 2011-ல் வெளிவந்த நம் ஒரு ரூபாய்க் காசும் அதே எடைதான், ஆனால் தெனாரியுஸ் அதைவிட அகலம் குறைந்தது, கொஞ்சம் தடித்தது. அந்தச் சின்ன வெள்ளி வில்லைக்குள்தான் ரோமன் தன் முகத்தையும், பேரையும், பட்டங்களையும், தன் தெய்வங்களையும் அடைத்து வைத்தான்.

செய்த விதத்தையும் பாருங்கள். இன்றைக்குப் போல மிஷின் கிடையாது. பட்டடையில் ஒரு அச்சைப் பதித்திருப்பார்கள். அதில் ராயனுடைய முகம் குழிவாய், இடவலம் மாறி வெட்டியிருக்கும். அதன்மேல் வெள்ளி வில்லையை வைப்பார்கள். மறுபக்கத்து உருவம் வெட்டின இன்னொரு அச்சை மேலே பிடித்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதிந்துவிடும். சில காசுகளில் முகம் ஒரு ஓரமாய் ஒதுங்கியிருக்கும், சிலதில் எழுத்து பாதி விட்டுப்போயிருக்கும். ஆனாலும் யாருடைய காசு என்பதில் சந்தேகம் வராது.

நம் ஆண்டவர் ஊழியம் செய்த காலத்தில் ஆண்டவன் திபேரியு இராயன் (லூக். 3:1). அவன் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டான். அவன் காலத்து வெள்ளிக்காசின் பெரிய படம் ஒன்றை வேதாகமக் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் காட்டினார். ஒரு பக்கம் லாரல் இலை மாலை சூடின தலை, வலது பக்கம் பார்த்தபடி. சுற்றிலும் லத்தீன் எழுத்து. அதன் பொருள், ‘திபேரியு சீசர் அகுஸ்து, தெய்வீக அகுஸ்துவின் குமாரன்.’ மறுபக்கம் ஒரு ஸ்திரீ ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் செங்கோல், மறு கையில் ஒரு கிளை. சுற்றிலும் ‘பொந்திபெக்ஸ் மாக்சிமுஸ்’, அதாவது பிரதான பூசாரி என்ற எழுத்து.

ஆண்டவர் முன்பாக வந்த காசு இதுவே என்று நெடுங்காலமாய்ச் சொல்லி வருகிறார்கள். அவனுக்கு முன்னே ஆண்ட அகுஸ்து இராயனுடைய காசாயிருந்தாலும் நம் பாடம் மாறாது, அதிலும் அவன் தெய்வத்தின் குமாரன் என்றே எழுதியிருந்தது. இந்த இரண்டு ராயரின் வெள்ளிக்காசுகளும் மிளகு வாங்க வந்த வியாபாரிகளோடு கடல் தாண்டி வந்து, நம் கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. ஒரு மனுஷன் தன் முகத்தை எவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறான் பாருங்க!

3. முகம் காசில் ஏறின கதை

ஆதியில் ரோமர் காசில் உயிரோடிருக்கிற மனுஷனுடைய முகத்தைப் போடுகிறதில்லை. தெனாரியுஸ் ஏறக்குறைய கி.மு. 211-ல் தொடங்கியது. அப்பொழுது தலைச்சீரா போட்ட ரோமா தேவதையும், குதிரைமேல் போகும் இரட்டைத் தெய்வங்களும்தான் அதில் இருந்தார்கள். உயிரோடிருக்கிறவன் தன் முகத்தைப் போட்டால் அது ராஜாக்களின் வழக்கம். ரோமருக்கு அன்று ராஜா என்கிற பேரே ஆகாது.

கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அந்த வரப்பைத் தாண்டினான். வாழ்நாள் முழுதும் சர்வாதிகாரி என்ற பட்டத்தோடு அவன் தலை ரோம நகரத்துக் காசில் ஏறியது. அதே வருஷம் மார்ச் 15-ம் தேதி அவனைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவன் புரூட்டஸ். ‘இவன் ராஜாவாகப் பார்த்தான், ஜனங்களின் விடுதலைக்காகக் கொன்றோம்’ என்பது அவர்கள் நியாயம். சரி. இரண்டு வருஷம் கழித்து, கி.மு. 42-ல், அதே புரூட்டஸ் தன் படைக்குக் கூலி கொடுக்கக் காசு அடித்தான். ஒரு பக்கம் இரண்டு கத்தி, நடுவில் விடுதலையான அடிமை போடுகிற தொப்பி, கீழே கொலை நடந்த நாள். மறுபக்கம் என்ன தெரியுமா? புரூட்டஸினுடைய முகம்!

தேவ ஜனமே, இதை வாசித்தபோது நான் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அடுத்தவன் முகத்தைக் காசில் சகிக்கமாட்டாதவன் தன் முகத்தை அங்கே வைத்துவிட்டான். மனுஷ இருதயம் இப்படித்தான்.

பிற்பாடு சீசருடைய சுவீகாரக் குமாரன் ஜெயித்தான். செத்துப்போன சீசரைத் தெய்வமாக்கினார்கள். கி.மு. 44-ல் வானத்தில் தெரிந்த வால்நட்சத்திரம் அவனுடைய ஆத்துமா என்று பேச்சைப் பரப்பி, அந்த நட்சத்திரத்தையும் வெள்ளிக்காசில் பதித்தார்கள். தகப்பன் தெய்வம் என்றால் மகன் யார்? தெய்வத்தின் குமாரன்! அந்தக் குமாரன்தான் கி.மு. 27-ல் அகுஸ்து என்ற பட்டம் பெற்றவன். பெத்லகேமில் நம் ஆண்டவர் பிறந்தபோது குடிமதிப்புக் கட்டளை கொடுத்தவன் இவனே (லூக். 2:1). கி.பி. 14-ல் அவன் செத்தபோது அவனையும் தெய்வமாக்கினார்கள். ஆகவே திபேரியுவும் தெய்வத்தின் குமாரன் ஆனான்.

அன்று செய்தித்தாள் இல்லை, போஸ்டர் இல்லை. காசுதான் போஸ்டர். ராயனை ஒருநாளும் காணாத மீன்காரனும் விதவையும் அவன் முகத்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

4. காசு சொன்ன இரண்டு பொய்

இப்பொழுது தேவாலயத்துக்குத் திரும்பி வாருங்கள். ஆண்டவர் முன்னே ஒரு வெள்ளிக்காசு. அதன் முன்பக்கம், திபேரியுவை தெய்வத்தின் குமாரன் என்கிறது. பின்பக்கம், பிரதான பூசாரி என்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர் யார்? ஜீவனுள்ள தேவனுடைய மெய்யான குமாரன். வானங்களின் வழியாய்ப் பரத்துக்குள் போன மகா பிரதான ஆசாரியர் (எபி. 4:14). அல்லேலூயா!

அவர் அந்தக் காசைத் தரையில் வீசவில்லை. அதைக் கண்டு பயப்படவும் இல்லை. அதில் முகம் யாருடையது, எழுத்து யாருடையது என்று கேட்டார். இராயனுடையது என்றார்கள். அப்படியானால் அது அவனுடையது, அவனிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிற பொருளில் பதில் சொன்னார். மூல பாஷையில் அந்த இடத்தில் வருவது கடனைத் திருப்பிச் செலுத்துகிற சொல். அத்தோடு நிறுத்தியிருந்தால் ஏரோதியர் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அவர் தேவனுடையதைத் தேவனுக்குச் செலுத்தவேண்டும் என்றும் சேர்த்தார்.

தேவனுடையது எது? காசு அவனுடையது என்று எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? முகத்தை வைத்து. அப்படியென்றால் தேவனுடைய முகம் எதில் பதிந்திருக்கிறது? கிரேக்க மொழியில் காசின் சுரூபத்துக்கு எந்தச் சொல் வருகிறதோ, அதே சொல்தான் யூதர்கள் கிரேக்கத்தில் பெயர்த்த வேதத்தில் ஆதியாகமம் 1:26-ல் வருகிறது. மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டான்! ஏறக்குறைய கி.பி. 200-ல் எழுதின தெர்த்துல்லியன் என்கிற சபைப் போதகரும் இதையே விளக்கினார். ராயனுடைய சாயல் காசில் இருக்கிறது, காசை அவனுக்குக் கொடு. தேவசாயல் உன்னில் இருக்கிறது, உன்னை அவருக்குக் கொடு.

பாருங்க, ராயனுக்குப் போனது ஒரு நாள் கூலிக்காசு. தேவன் கேட்பதோ முழு மனுஷனை.

5. மறுபுறத்துச் சமாதானம்

காசின் பின்பக்கத்து ஸ்திரீயின் கையில் இருந்தது சமாதானத்தின் கிளை என்று சொல்லுவார்கள். அவளைத் திபேரியுவின் தாயாகிய லிவியா என்று சொல்லுகிறவர்களும் உண்டு. ரோமன் சமாதானம் கொடுத்தான் என்று காசு பேசியது. அந்தச் சமாதானம் எப்படிப்பட்டது என்று எருசலேம் நாற்பது வருஷத்துக்குள் கண்டுகொண்டது.

கி.பி. 70-ல் தீத்து என்கிற ரோமத் தளபதி நகரத்தைப் பிடித்தான், தேவாலயம் எரிந்தது. அவன் தகப்பனாகிய வெஸ்பாசியான் இராயன் புதிய வெள்ளிக்காசு அடித்தான். அதிலும் ஒரு ஸ்திரீ உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் ஆசனத்தில் அல்ல, தரையில், துக்கத்தோடே. பக்கத்தில் ரோமனின் வெற்றிச் சின்னம், கீழே ‘யூதேயா’ என்று எழுத்து. ஒரு ஜாதியின் கண்ணீரைக் காசாக அடித்து ஊரெல்லாம் செலவழித்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. யூதர்கள் வருஷந்தோறும் தேவாலயத்துக்குச் செலுத்திவந்த வரியை இனி ரோமாபுரியில் இருக்கிற ஜூபிடர் கோவிலுக்குக் கட்டவேண்டும் என்று வெஸ்பாசியான் கட்டளையிட்டான். அது தலைக்கு இரண்டு பணம். தேவனுடையதைத் தேவனுக்குக் கொடுக்காத ஜனத்தினிடத்தில், தேவனுக்கென்று எடுத்துவைத்ததையும் இராயன் பிடுங்கிக்கொண்டான். இதை வாசிக்கும்போது நமக்கும் பயம் வரவேண்டும்.

6. காசு கொடுத்தார்கள், தூபம் காட்டவில்லை

ஆதி சபையார் ஆண்டவருடைய பதிலை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? வரி கட்டினார்கள். பவுல் அப்படியே எழுதுகிறார் (ரோ. 13:6,7). ஆனால் ஒரு எல்லையில் நின்றுவிட்டார்கள்.

தொமித்தியான் இராயனுடைய ஒரு குழந்தை செத்துப்போனது. அதையும் தெய்வமாக்கி, கி.பி. 82-ஐ ஒட்டி ஒரு காசு அடித்தான். உலக உருண்டைமேல் அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் ஏழு நட்சத்திரம். அந்தத் தொமித்தியானின் கடைசி நாட்களிலே யோவான் பத்மு தீவில் தரிசனம் கண்டார் என்று ஆதி சபைப் பிதாவாகிய ஐரேனியு எழுதியிருக்கிறார். யோவான் கண்டது என்ன? ஏழு நட்சத்திரங்களும் இயேசுவின் வலது கரத்தில் இருந்தன (வெளி. 1:16). அந்தக் காசைப் பார்த்திருந்த ஆசியா நாட்டு விசுவாசிக்கு இந்த வசனம் எப்படிக் கேட்டிருக்கும்! தொமித்தியான் கி.பி. 96-ல் தன் வீட்டாராலேயே கொலையுண்டான். அவன் சிலைகளை இடித்துப் போட்டார்கள்.

கி.பி. 112-ஐ ஒட்டி, பொந்து, பித்தினியா நாடுகளை ஆண்ட பிளினி என்கிற தேசாதிபதி டிராஜன் இராயனுக்கு ஒரு கடிதம் எழுதினான். பேதுரு தன் முதலாம் நிருபத்தை எழுதினது இந்த நாட்டு விசுவாசிகளுக்கும் சேர்த்துத்தான் (1 பேது. 1:1). கிறிஸ்தவன் என்று குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு முன்னே இராயனுடைய உருவத்தைக் கொண்டுவந்து வைப்பானாம். அதற்குத் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விடுதலை. மூன்று தரம் கேட்டும் கிறிஸ்தவன் என்றே நின்றால் மரணம். மெய்யான கிறிஸ்தவர்களை இந்தக் காரியத்துக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லுகிறார்களே என்றும் அவனே எழுதியிருக்கிறான். சத்துருவின் கையெழுத்தில் நம் முன்னோருக்குக் கிடைத்த சாட்சி!

சிமிர்னா சபையின் கண்காணி பாலிகார்ப்பு முதிர்ந்த வயதில் பிடிபட்டபோது, ‘சீசரே ஆண்டவன் என்று சொல்லி, கொஞ்சம் தூபம் போட்டால் என்ன கெட்டுப்போகும்?’ என்கிற விதமாய் அதிகாரிகள் நைச்சியம் பேசினார்கள். 86 வருஷம் சேவித்த ராஜாவை அவர் மறுதலிக்கவில்லை. அவரைத் தீக்கு ஒப்புக்கொடுத்தார்கள்.

நன்றாய்க் கவனியுங்கள். அதே முகம்தான். காசில் இருந்தபோது அதை வரியாய்க் கொடுத்தார்கள். பீடத்தில் வைத்தபோது ஒரு சிட்டிகை தூபம்கூடக் கொடுக்கவில்லை.

இன்றைக்கு நாம் இதைத் தலைகீழாய்ச் செய்கிறோமா? மின்சார மீட்டரில் தில்லுமுல்லு, ரயிலில் டிக்கெட் இல்லாப் பயணம், கடையில் பில் போடாத வியாபாரம், வீட்டு வரியில் பொய்க் கணக்கு. இராயனுக்குரிய காசைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் தலைவர் படத்துக்கும் நடிகர் படத்துக்கும் முன்னே இருதயத்தை ஊற்றிவிடுகிறோம். காசை மறைத்து, தூபத்தைக் கொடுக்கிறோம். இது ஆதி சபையின் மார்க்கம் அல்ல.

7. முகம் நின்றது, வெள்ளி போனது

இனி வருகிறது பாடத்தின் முக்கியமான பகுதி. அகுஸ்து காலத்துத் தெனாரியுஸ் ஏறக்குறைய சுத்த வெள்ளி. ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தார்கள். கி.பி. 64-ல் நீரோ இராயன் அதை 96 ஆக்கினான், வெள்ளியிலும் செம்பைக் கூட்டினான். முகம் என்னவோ நல்ல கொழுகொழுவென்று அழகாய்த்தான் இருந்தது. பின்வந்தவர்களில் பலர் இன்னும் குறைத்தார்கள். கி.பி. 200 வாக்கில், செவேரு இராயன் நாட்களில், காசில் பாதிதான் வெள்ளி.

அவன் குமாரன் கரக்கல்லா கி.பி. 215-ல் ஒரு புதுக்காசு கொண்டுவந்தான். இரண்டு தெனாரியுஸ் மதிப்பு என்று சொல்லுவார்கள், எடையோ ஒன்றரைக் காசுக்குத்தான் வரும். அதில் ராயனுக்கு இலை மாலை போதவில்லை. சூரியனைப்போல் கதிர் வீசுகிற கிரீடம் சூட்டினார்கள்! இன்னும் ஐம்பது வருஷத்தில் அந்தக் காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்பின்மேல் ஒரு மெல்லிய வெள்ளிப் பூச்சு. நாலு கை மாறினால் பூச்சு போய்ச் செம்பு பல்லிளிக்கும்.

கிரீடம் பெரிசாச்சு, வெள்ளி குறைஞ்சுபோச்சு. தேவ ஜனமே, இது ரோமாபுரியின் கதை மட்டுமா?

இந்த இடத்தில்தான் ஆவியானவர் என்னைப் பிடித்தார். போன வருஷம் நம் சபையின் மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்துக்குப் போஸ்டர் அடிக்கக் கொடுத்தேன். முந்தின வருஷங்களில் வசனத்தைப் பெரிதாய்ப் போடுவோம். இந்தத் தடவை அச்சகத்தில் உட்கார்ந்து, என் போட்டோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க, இன்னும் கொஞ்சம் என்று நானே சொன்னேன். பேருக்கு முன்னே, எனக்குச் சபையார் கொடுக்காத ஒரு பட்டத்தையும் சேர்க்கச் சொன்னேன். இடம் போதாமல் வசனம் கீழே ஓரத்துக்குப் போய்விட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபையின் வயதான தாயார் ஒருவர் போஸ்டர் கிட்டே நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்னம்மா பாக்குறீங்க?” என்றேன். “பாஸ்டரய்யா, கண்ணு சரியா தெரியல. உங்க முகம் நல்லா தெரியுது. வசனம் எங்க போட்டிருக்கீங்க?” என்று கேட்டார்கள். அவர்கள் கள்ளமில்லாமல் கேட்டார்கள். எனக்கு வாயில் பதில் வரவில்லை. விரலை வைத்து ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன எழுத்தைக் காட்டினேன். விரல் நடுங்கியது.

அன்று ராத்திரி முழங்காலில் நின்று என்னை நிதானித்துப் பார்த்தேன். போஸ்டருக்காக அச்சகத்துக்கு நாலு தடவை போயிருக்கிறேன். கூட்டத்துக்காக உபவாசித்த நாள் ஒன்றுகூட இல்லை. ஜெபம் குறைந்திருக்கிறது. வீட்டில் கோபம் கூடியிருக்கிறது. மேடையில் மட்டும் அந்நியபாஷை, சத்தம், வியர்வை, எல்லாம் முன்னைப்போலவே. செம்பின்மேல் வெள்ளிப் பூச்சு! புரூட்டஸைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. உலகத்தாரின் போஸ்டர்களைக் கண்டித்துப் பிரசங்கித்தவன், அதே சுவரில் என் முகத்தை ஒட்டச் சொன்னேனே!

மீதியிருந்த போஸ்டர்களை ஒட்டவில்லை. கூட்டத்தின் முதல் நாளே சபையார் முன்பாக இதை அறிக்கையிட்டேன். இப்பொழுது எழுத்திலும் சொல்லுகிறேன், ஏனென்றால் இது பாஸ்டர்மாருக்கு மட்டும் வருகிற வியாதி அல்ல. பாடல் குழுவிலும் வரும். காணிக்கைப் பொருளில் பேர் பொறிப்பதிலும் வரும். சாட்சி சொல்லும்போது ‘நான், நான்’ என்பதிலும் வரும். பக்தியின் வேஷம் இருந்து பெலன் இல்லாமல் போவதைப் பவுல் முன்னமே எச்சரித்திருக்கிறார் (2 தீமோ. 3:5). எழுப்புதல் வேண்டும் என்று கேட்கிறோமே, எழுப்புதல் என்றால் என்ன? காசுக்குள் வெள்ளி திரும்ப வருவதுதான்.

8. தூசியில் கிடந்த காசு

‘பாஸ்டர், என்னில் இருந்த தேவசாயல் தேய்ந்துபோய்விட்டதே’ என்று சொல்லுகிற மகனே, மகளே, உனக்கும் ஒரு வார்த்தை உண்டு.

லூக்கா 15:8-ல் ஒரு ஸ்திரீயின் வெள்ளிக்காசு காணாமற்போனது. அது தரையில், தூசியில், இருட்டில் கிடந்தது. கிடந்ததினால் அதில் இருந்த வெள்ளி செம்பாகிவிட்டதா? இல்லை. பதிந்திருந்த முகம் வேறொருவன் முகமாய் மாறிவிட்டதா? அதுவும் இல்லை. அழுக்கு மூடியிருந்தது, அவ்வளவுதான். அவள் விளக்கைக் கொளுத்தினாள், வீட்டைப் பெருக்கினாள், கண்டுபிடிக்கிறவரைக்கும் விடவில்லை. கண்டபோது அண்டைவீட்டாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டாள்.

வெள்ளியே இல்லாமல் செம்பாய்ப் போனவர்களுக்கு நம்பிக்கை உண்டா? உண்டு! எபிரெயர் 1:3-ல் குமாரன் பிதாவின் தன்மையைக் காட்டும் சொரூபம் என்று சொல்லுமிடத்தில் வருகிற கிரேக்கச் சொல், அச்சு பதித்த முத்திரைக்கு வழங்கிய சொல். பிதாவின் முழுச் சாயலும் பிசகாமல் பதிந்தவர் இயேசு ஒருவரே. தேய்ந்துபோன காசை அந்நாட்களில் உருக்கி மறுபடியும் அடித்தார்கள். நம்மையும் தேவன் தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாக்க முன்குறித்திருக்கிறார் (ரோ. 8:29). அதற்கு அக்கினியும் உண்டு, அடியும் உண்டு. சிலர் இப்பொழுது அந்தச் சுத்தியலின் கீழே இருக்கிறீர்கள். வியாதி, கடன், நிந்தை, பிள்ளைகளைக் குறித்த பாரம். ஓடிப்போகாதேயுங்கள். பட்டடையைவிட்டு உருண்டு ஓடுகிற வில்லையில் முகம் பதியாது.

திபேரியுவின் காசுகள் இன்று கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. அதைக் கொடுத்தால் எந்தக் கடைக்காரனும் ஒரு படி அரிசி தரமாட்டான். அவனைத் தெய்வத்தின் குமாரன் என்று நம்புகிறவன் ஒருவனும் இல்லை. அன்று கையில் ஒரு காசும் இல்லாமல் தேவாலயத்தில் நின்றவருக்கோ இன்று முழங்கால்கள் முடங்குகின்றன. அல்லேலூயா! அவருடையதை அவருக்கே கொடுத்துவிடுவோம். ஆமென்.

குடும்ப ஜெபத்தில் தியானிக்க:

1. அரசாங்கத்துக்கு நான் செலுத்தவேண்டியதில் எதையாவது மறைத்து வைத்திருக்கிறேனா? அதை இந்த மாதத்துக்குள் எப்படிச் சரிசெய்வேன்?

2. எந்த மனுஷனுடைய முகத்துக்கு என் இருதயத்தில் தூபம் எழும்புகிறது?

3. என் ஊழியத்தில், என் காணிக்கையில், என் சாட்சியில் யாருடைய முகம் பெரிதாய்த் தெரிகிறது?

4. வெளியே இருக்கிற பூச்சைச் சுரண்டிப் பார்த்தால், என் தனிஜெபத்தில் எவ்வளவு வெள்ளி மீதியிருக்கிறது?

மனப்பாட வசனம்: ரோமர் 8:29. பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.